ஒன்பதாவது வாரத்து லாடம்

செவலையின் இடது முன்னங்கால் லாடம் எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்பது எங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது. காலையில் ஓடையைக் கடந்து கரையேறியபோது நான்கு கால்களிலும் லாடம் இருந்தது. அக்கா குனிந்து ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிப் பார்த்ததை நானே அருகில் நின்று கண்டேன். கணவாய்க்குக் கீழே கற்படிகள் தொடங்கும் இடத்தில் அந்தக் குதிரை தலையை ஆட்டி ஆட்டி நடக்கத் தொடங்கியபோது அந்த ஒரு காலில் மட்டும் லாடத்தைக் காணவில்லை. இடைப்பட்ட நான்கு கிலோமீட்டர் பாதையும் கணுக்கால் புதையும் அளவுக்கு உதிர்ந்த இலைகளால் மூடிக் கிடந்தது. அந்த இலை மெத்தையில் ஓர் இரும்பு லாடம் விழுந்தால் சத்தம்கூட எழாது.

அக்டோபர் நடுவில், இலையுதிர் காலத்தின் கடைசி நல்ல வாரம் என்று எல்லோரும் சொன்ன ஒரு வாரத்தில், நாங்கள் மூன்று பேர் இரண்டு குதிரைகளுடன் மலைக்குப் போனோம். செவலை, கறுப்பன் என்ற அந்தக் குதிரைகள் அக்காவுடையவை. அவர் என் உடன்பிறந்தவர் அல்லர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்குச் சேணம் கட்டக் கற்றுக்கொடுத்தவர். மூன்றாவது ஆள் என் நண்பன். நடப்பதில் கெட்டிக்காரன், குதிரை ஏறுவதில் அரைகுறை. இரண்டு பேர் சவாரி செய்ய ஒருவர் நடப்பது, மணிக்கொரு முறை ஆள் மாற்றிக்கொள்வது என்பது எங்கள் ஏற்பாடு. 1971-இல் கலிபோர்னியாவில் இதை ஒத்த ஒரு பந்தயமே தொடங்கியது: இரண்டு பேருக்கு ஒரே குதிரை, ஒருவர் ஏறிச்சென்று ஓரிடத்தில் குதிரையைக் கட்டிவிட்டு ஓடத் தொடங்குவார், பின்னால் ஓடி வருபவர் அந்தக் குதிரையில் ஏறி முந்துவார். எங்களுக்குப் போட்டி எதுவும் இல்லை. மலைப்பாதையில் நாள் முழுவதும் சேணத்திலேயே உட்கார்ந்திருந்தால் முழங்கால் மரத்துப்போகும், நாள் முழுவதும் நடந்தால் பாதம் கொப்புளிக்கும் என்ற எளிய கணக்குத்தான்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருவது, அன்று நாங்கள் போட்ட வேறொரு கணக்கு. போகவும் வரவும் சேர்த்து 18 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் 900 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதியின்படி, சமதளத் தூரத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஒதுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் ஓய்வெல்லாம் போக மூன்று மணிக்குத் திரும்பிவிடலாம் என்று முந்தின இரவு நான்தான் தாளில் எழுதிக் காட்டினேன். நல்ல உடற்கட்டுள்ள மனிதன், நல்ல பாதை, நல்ல வானிலை, ஒரு நிமிடம்கூட நிற்காத நடை ஆகியவற்றை வைத்து அந்த விதி எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதை ஒரு வாக்குறுதியைப் போல நம்பினேன். நாங்கள் புறப்பட்டபோது மணி 9.40.

தாமதத்துக்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கறுப்பன் வண்டியிலிருந்து இறங்க மறுத்தது. ஒரு கையுறை காணாமல் போனது. யாரோ ஒருவர் தண்ணீர்க் குடுவையை நிரப்ப மறந்திருந்தார். கோடைக் காலத்தில் இந்த ஒன்றரை மணி நேரத்தை மலை மன்னித்துவிடும். இலையுதிர் காலத்தில் மன்னிக்காது. செப்டம்பர் 22, 23-ஐ ஒட்டிய சம இரவு நாளின் போதுதான் பகல்பொழுது மிக வேகமாகச் சுருங்குகிறது. நாங்கள் இருந்த 45 பாகை அட்சரேகையை ஒட்டிய பகுதிகளில் அது நாளொன்றுக்குச் சுமார் 3 நிமிடம். ஒரு மாதத்தில் ஒன்றரை மணி நேரம் காணாமல் போய்விடும். போன மாதம் இதே மலைக்கு வந்துபோன நினைவில் நாம் வெளிச்சத்தைக் கணக்கிடுகிறோம். அந்த வெளிச்சமோ இப்போது இல்லை. அன்றைய சூரிய மறைவு 6.20 என்று கைப்பேசி சொன்னது. ஆனால் மலைப்பள்ளத்தில் சூரியன் அடிவானத்தில் மறைவதில்லை, எதிர்முகட்டுக்குப் பின்னால் மறைகிறது. அது நாலரை மணிக்கே நடந்துவிடுகிறது.

ஏன்தான் இந்தப் பருவத்தில் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு லார்ச் மரத்தைக் காட்டலாம். ஊசியிலை மரங்கள் எல்லாம் எப்போதும் பச்சையாக இருக்கும் என்ற பொது விதிக்கு அது விலக்கு. ஆல்ப்ஸ், ராக்கி மலைகள், சைபீரியா என எங்கே வளர்ந்தாலும் அக்டோபரை ஒட்டிப் பொன்னிறமாகி, ஊசிகள் அத்தனையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாகக் குளிர்காலத்தைக் கழிக்கும். பச்சையம் சிதைந்து மறையும்போது, கோடை முழுவதும் அதற்கு அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. சில மரங்களில் காணும் சிவப்பு மட்டும் அப்போதுதான் புதிதாக உருவாவது. கணவாய்க்குக் கீழே இருந்த லார்ச் சோலையில் காற்றே இல்லாதபோதும் ஊசிகள் உதிர்ந்துகொண்டிருந்தன. குதிரையின் பிடரியில், சேணத்தின் மடிப்பில், என் கழுத்துப்பட்டிக்குள் என்று எங்கும் ஊசிகள். இரண்டு நாள் கழித்துச் சட்டையைத் துவைக்கும்போதும் கொட்டின.

முதல் பிழை என்னுடையது, அதுவும் கூச்சத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று. சேணம் கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். இருபது நிமிடம் நடந்தபின் மூச்சு இளகி, சேணத்தின் அடிவிரிப்பு அமுங்கி, வயிற்றுவார் இரண்டு விரல் அளவுக்குத் தளர்ந்துவிடும். அப்போது இறங்கி மீண்டும் இறுக்க வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுக்கப்படும் பாடம். நான் பேச்சு சுவாரசியத்தில் இருந்தேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு வேரைத் தாண்டுவதற்காகச் செவலை பின்புறத்தைத் தூக்கியபோது, சேணம் ஒரு பக்கமாக மெல்ல, மிக மெல்லச் சாய்ந்தது. விழுகிறோம் என்று தெரிந்துகொள்வதற்கும் அங்கவடியிலிருந்து காலை விடுவித்துக்கொள்வதற்கும் எனக்கு நேரம் இருந்தது. சரிவின் மேட்டுப் பக்கம் சாய்ந்ததால் நான் விழுந்தது அரை மீட்டர்தான். பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் கதை வேறு. செவலை சேணத்தை வயிற்றில் தொங்கவிட்டபடி அசையாமல் நின்றது. பல குதிரைகள் அந்த நிலையில் வெறிபிடித்து ஓடும். அக்கா இறங்கி வந்து, என்னைப் பார்க்காமல் முதலில் குதிரையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, “பேசறதுக்கு வாய் போதும், கை சும்மாதானே இருந்துது?” என்று மட்டும் கேட்டார். அங்கே இருபது நிமிடம் போனது.

வழியில் எதிரே கால்நடையாக இறங்கி வந்தவர்கள் எங்களைக் கண்டதும் ஒதுங்கி நின்றார்கள். நடப்பவரும் மிதிவண்டிக்காரரும் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதைகளில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் முறை. பாதையின் பள்ளத்துப் பக்கம் இறங்கி நிற்பது நல்லது. மிரண்ட குதிரை மேட்டை நோக்கிப் பாய்வதற்கே வாய்ப்பு அதிகம், அதோடு மேலே நிற்கும் உருவம் அதன் கண்ணுக்குப் பாயத் தயாராகும் விலங்கைப்போலத் தோன்றக்கூடும். ஒதுங்கி நிற்பவர் வாய்திறந்து இரண்டு வார்த்தை பேசினால் இன்னும் நல்லது. முதுகில் பெரிய மூட்டையோடு மௌனமாக நிற்கும் ஒன்று மனிதன்தான் என்று குரலைக் கேட்டபின்தான் குதிரை நம்பும். அன்று எங்களுக்கு ஒதுங்கிய ஒருவர் மரத்துக்குப் பின்னால் மரியாதையாக ஒளிந்துகொண்டார். கறுப்பன் அந்த மரத்தைக் கடக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது.

பகல் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று காலையில் மூவரும் ஒப்புக்கொண்டிருந்தோம். ஒரு மணிக்கு நாங்கள் லார்ச் சோலையில் இருந்தோம். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். நான் பார்த்தேன். நண்பனும் பார்த்ததை நான் பார்த்தேன். “இன்னும் அரை மணி நேரம்தானே” என்று முதலில் சொன்னது யார் என்பதில் எங்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நானாகத்தான் இருக்க வேண்டும்.

கற்படிகளில் செவலை நொண்டத் தொடங்கியது 1.40-க்கு. முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குவதால், அங்கே ஒரு லாடம் போனால் அது நடையிலேயே தெரிந்துவிடும். குளம்பைத் தூக்கிப் பார்த்தோம். ஆணிகள் இருந்த இடத்தில் விளிம்பு நகக்கண் பிய்ந்ததுபோல் சிதைந்திருந்தது. இத்தகைய நேரத்துக்கென்று குளம்பின் மேல் மாட்டும் ரப்பர் உறை ஒன்று உண்டு, எங்களிடமும் இருந்தது. அது கீழே வண்டியில், பத்திரமாக, பெட்டிக்குள் இருந்தது.

அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். குதிரைகளை அக்காவிடம் விட்டுவிட்டு நானும் நண்பனும் கணவாய்வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தோம் என்பதை எழுதவே கை தயங்குகிறது. மேலே காற்று அறைந்தது. உயரம் 1000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 பாகை வெப்பம் குறையும் என்று படித்தது அப்போது காதுமடலில் புரிந்தது. பத்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. திரும்பிக் குதிரைகளை அடைந்தபோது மணி 2.50.

இறக்கத்தில் செவலையின் மேல் யாரும் ஏறவில்லை. நான் தலைக்கயிற்றைப் பிடித்து நடக்க, அது கல்லைத் தவிர்த்து மண்ணைத் தேடித்தேடிக் கால் வைத்தது. லாடம் போன காலுக்கு இலை மெத்தை இதமாக இருந்திருக்கும். எனக்கோ அந்த இலைகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. ஈரமான இலைக்கு அடியில் வேர் இருக்கும், உருண்டைக் கல் இருக்கும், சில இடங்களில் எதுவுமே இருக்காது. கோடையில் கண் செய்யும் வேலையை இந்தப் பருவத்தில் ஊன்றுகோல் செய்ய வேண்டியிருக்கிறது. குத்திப் பார்த்துவிட்டுத்தான் அடி வைக்க வேண்டும்.

நாலு மணியளவில், வெயில் இன்னும் படர்ந்திருந்த தெற்குச் சரிவில், முன்னால் போன அக்காவின் கறுப்பன் மட்கிய ஒரு மரத்துண்டை மிதித்துத் தாண்டியது. அதற்கு அடியில் குளவிக் கூடு இருந்தது. மண்ணுக்குள் கூடு கட்டும் மஞ்சள் குளவிகள் கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும்தான் எண்ணிக்கையில் உச்சத்தில் இருக்கும். கடும் உறைபனி வந்தால்தான் வேலைக்காரக் குளவிகள் மடியும், இளம் ராணிகள் மட்டும் தப்பிப் பிழைக்கும். அந்தச் சரிவை உறைபனி இன்னும் தொட்டிருக்கவில்லை. கூட்டை மிதித்தவன் பெரும்பாலும் தப்பிவிடுவான், பின்னால் வருபவன் மாட்டிக்கொள்வான் என்று மலைச் சவாரி செய்பவர்கள் சொல்வார்கள். பின்னால் வந்தது நண்பன், நடந்து. தேனீயைப்போல ஒரு கொட்டோடு இவை கொடுக்கை இழந்துவிடுவதில்லை, திரும்பத் திரும்பக் கொட்டும். அவன் கழுத்தில் இரண்டு, கையில் ஒன்று வாங்கிக்கொண்டு பாதையை விட்டுக் கீழ்நோக்கிக் குதித்தான். குதித்த இடத்தில் இலை இருந்தது. இலைக்கு அடியில் தரை இல்லை.

சத்தம் எனக்குக் கேட்டது என்று இப்போதும் தோன்றுகிறது. அவனோ கேட்கவில்லை என்கிறான். கணுக்கால் உட்புறமாக மடிந்து, வெளிப்பக்கத் தசைநார் பிசகியிருந்தது. காலணிக்கு மேலேயே வீக்கம் புடைத்துத் தெரிந்தது. காலணியைக் கழற்றிப் பார்க்க அவன் கை போனபோது அக்கா தடுத்தார். “கழட்டினா திரும்ப உள்ள போகாது. இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கு. வார மட்டும் தளர்த்திக்கோ.” உயர்கழுத்துக் காலணி அந்த நேரத்தில் நம்மிடம் இருக்கும் ஒரே கட்டு என்பது உண்மைதான். கொட்டு வாங்கியவனுக்கு மூச்சுத் திணறலோ உதடு வீக்கமோ வருகிறதா என்று கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தோம். வரவில்லை.

இனி மூன்று பேர், ஒரே ஒரு நல்ல குதிரை. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பரவலாகக் கொள்ளப்படும் வரம்பு. கறுப்பன் சுமார் 450 கிலோ, அப்படியானால் 90. நண்பன் 74, சேணம் 15. மீதி ஒரு கிலோதான். அவனுடைய மூட்டையை நான் என் மூட்டையின்மேல் கட்டிக்கொண்டேன். அவனை ஏற்றுவது தனிக்கதை: பாறையின் மேல் நிறுத்தி, அடிபட்ட காலை நான் தாங்க, மறுபக்கம் போய் அக்கா இழுக்க, குதிரை தும்ம. கீழே இறங்கிப் போகையில் காலை அங்கவடியில் வைக்க முடியாமல் தொங்கவிட்டு, ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடித்தான். வெயில் எதிர்முகட்டுக்கு அப்பால் போய்விட்டது.

கீழோடைக்கு வந்தபோது ஆறு மணி. காலையில் நாங்கள் நீரில் இறங்கிக் கடந்த இடம் அதுதான். இப்போது ஈரமாகாமல் கடக்கலாமே என்று சற்றுத் தள்ளியிருந்த மரப்பாலத்துக்குச் செவலையை அழைத்துப் போனேன். அது முதல் பலகையை மோந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டது. இழுத்தேன், கெஞ்சினேன், பின்னுக்கு வந்து அதட்டினேன். மலை அசைந்தாலும் அசையும், அது அசையவில்லை. நெற்றி விளக்கை ஏற்றிப் பார்த்தபோது பலகை முழுவதும் வெள்ளைப் பூச்சாக உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் மாலையில் வழிந்திறங்கிப் பள்ளங்களில்தான் தேங்கும். நாள் முழுவதும் வெயில் படாத அந்தப் பள்ளத்தில் காலைப் பனியே கரையாமல் கிடந்திருக்கலாம். விலங்கின் நுண்ணறிவு என்று இதைப் புகழ எனக்கு ஆசைதான். ஆனால் அதே செவலை காலையில் உள்ளங்கை அளவு சேற்றுக் குட்டையைக் கண்டும் இதே முகத்தோடு, இதே பிடிவாதத்தோடு நின்றது. குட்டைக்கும் உறைபனிக்கும் அதன் மனத்தில் என்ன வேறுபாடு என்பதை அதுதான் சொல்ல வேண்டும். ஓடைக்குள் இறங்கினோம். முழங்கால்வரை நனைந்தேன், பாதம் பத்து நிமிடத்தில் என்னுடையதாக இல்லாமல் போனது.

அதன்பின் இருட்டு. கைப்பேசியில் காலையில் நிரம்பியிருந்த மின்கலம் குளிரில் சட்டென விழுந்து அணைந்தது. உள்சட்டைப் பையில் உடலோடு ஒட்டி வைத்திருந்தால் தாக்குப்பிடித்திருக்கும். ஊதல் ஒன்று அக்காவின் கழுத்தில் தொங்கியது. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மீண்டும் ஊதுவது மலைகளில் உதவி கோரும் குறி. அதை ஊதும் நிலை வரவில்லை. வந்திருந்தாலும் அந்த நேரத்தில் அங்கே கேட்பதற்கு யாரும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை. வேட்டைப் பருவம் என்பதால் மூவரும் பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை போட்டிருந்தோம்; மானின் கண்ணுக்கு அந்த நிறம் மங்கலாகவும் மனிதக் கண்ணுக்கு எடுப்பாகவும் தெரியும் என்பதற்காகத்தான் அது. இருட்டில் அதுவும் சாம்பல் நிறமாகிவிட்டது.

நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் செவலை நின்றுவிட்டது. பின்னால் கறுப்பன் அதன்மேல் மோதிக்கொண்டது. நாலாவது முறை அக்கா பொறுமை இழந்தார். “அந்த விளக்க அணைச்சுட்டு வாயேன். அது கண்ணக் கெடுக்கறே.” குதிரையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு, அதனால் அரையிருட்டில் நம்மைவிட அதற்கு நன்றாகவே தெரியும். ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அதற்கு நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். நம் கண்ணுக்கே இருபது, முப்பது நிமிடம் வேண்டும். நான் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதன் கண்ணில் விளக்கை அடித்து, பழகியதையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தேன்.

அணைத்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு பாதையின் இரு ஓரமும் கறுப்பாகவும், நடுவில் உதிர்ந்த லார்ச் ஊசிகள் கிடந்த பட்டை வெளிறியும் தெரியத் தொடங்கியது. தலைக்கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு செவலையின் தோளுக்குப் பக்கத்தில் நடந்தேன். மூன்று லாடங்களின் சத்தமும் ஒரு வெறுங்குளம்பின் மந்தமான அடியும் மாறிமாறிக் கேட்டன. டக், டக், டக், தப். யாரும் பேசவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்துப் பார்த்தால், வருத்தமோ பயமோ முதலில் நினைவுக்கு வருவதில்லை, அந்தத் தாளம்தான் வருகிறது. வண்டியை அடைந்தபோது மணி 8.30.

நண்பனை முன்னிருக்கையில் காலைத் தூக்கி வைத்து உட்காரவைத்துவிட்டு, வண்டி விளக்கின் வெளிச்சத்தில் குளம்புகளைச் சுரண்டத் தொடங்கினேன். லாடம் இருந்த காலில் சேறும் ஊசியிலையும் இறுகி, கொக்கியை விட்டு நெம்பியதும் அடைபோல முழுதாகக் கழன்று கையில் விழுந்தது. ஒரு பக்கம் குளம்பின் நடு முக்கோணத்தின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. மறுபக்கம் முழுவதும் பொன்னிற ஊசிகள், பின்னிவைத்தது போல. வெறுங்காலில் அப்படி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சிறு கல் ஒன்று மட்டும், குளம்பின் சுவரும் அடிப்பகுதியும் சேரும் வெள்ளைக் கோட்டில் செருகியிருந்தது. அதை எடுத்தேன், செவலை காலை உதறிக்கொண்டது.

மூன்று நாள் கழித்து லாடம் அடிப்பவர் வந்தார். உடைந்த விளிம்பை அரத்தால் சீவிக்கொண்டே, கடைசியாக எப்போது அடித்தது என்று கேட்டார். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கழற்றிக் குளம்பைச் சீர்செய்து மீண்டும் அடிக்க வேண்டும். குளம்பு வளர வளர ஆணியின் பிடி தளரும். அக்கா கொஞ்ச நேரம் நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மலைக்குப் போன நாளன்றே, லாடம் அடித்து ஒன்பதாவது வாரம் ஆகியிருந்தது. மீதமிருந்த மூன்று லாடங்களையும் லாடம் அடிப்பவர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். வலது முன்னங்காலுடையதைக் கழற்றக் குறடே தேவைப்படவில்லை, கையாலேயே வந்துவிட்டது.